பெறாதவளுக்கு ஏது களைப்பு?

கோயமுத்தூர் ஜில்லாவிலுள்ள நமது தோழர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதை முழுவதும் பிரசுரிக்க இடமில்லாததால் அதன் சாரத்தை மாத்திரம் இங்கு தருகின்றோம். அவருக்குக் கலியாணமாகிப் பதினோரு வருஷமாகிறது. பிள்ளை இல்லை. சர்க்கார் ஏற்படுத்தியிருக்கிற தத்தெடுப்பு முறைப்படி பெயரைப் பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து, கடைசியில் ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்றை எடுத்து வந்திருக்கிறார்கள். குழந்தை கிடைக்கப் போகிறதென்ற சேதி வந்த அன்றைக்கே அவர் மனைவியார் ஒரு பெண் வைத்தியரைக் கண்டு யோசனை கேட்டு, தம்முடைய மார்பில் பால் வரவழைக்கும் முயற்சியில் இறங்கி, சில வாரங்கள் பாடுபட்டு, இப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு ஆழாக்குப் பால் வருகிறதாம். மீதிக்குப் பால்பொடியைக் கரைத்துப் பாலாடையில் புகட்டுகிறார்களாம்.

இதுவரையில் நமக்குச் சந்தோஷமே. மேற்கொண்டு அவர் எழுதுவதாவது: அம்மையார் மிகவும் களைத்துப் போகிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவராதலால், பகலில் மெஷினுக்கு முன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார். ஒரு நாள் ஊசி விரலில் இறங்கிவிட்டது. சில சமயம் காரணமில்லாமல் அழுகிறார். இதைப் பார்த்துத் தோழருடைய தாயார், “பெத்தவளுக்கு அலுப்பு இருக்கும், எடுத்துட்டு வந்தவளுக்கு என்ன அலுப்பு?” என்று கேட்கிறாராம். பக்கத்து வீட்டார், பெறாத உடம்பில் பால் ஊறுவது குடும்பத்துக்கு ஆகாது என்கிறார்களாம். இது போதாதென்று ஒரு புரோகிதர் வந்து, இது பூர்வ ஜென்ம தோஷம், பரிகாரம் செய்தால் களைப்புப் போகும் என்று சொல்லி அதற்கு ஒரு தொகையும் சொல்லிப் போயிருக்கிறாராம்.

தோழர் நம்மைக் கேட்பது மூன்று கேள்விகள். பிள்ளை பெறாமல் பால் வருவது இயற்கைக்கு விரோதமா? இந்தக் களைப்பு வியாதியா, அல்லது வெறும் மனப்பலவீனமா? இதை நிறுத்திவிடும்படி மனைவியிடம் சொல்லலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லுவது சுலபம். பால் என்பது பிரசவ வேதனைக்குக் கடவுள் கொடுக்கிற சம்பளம் அல்ல. மூளையின் அடிப்பாகத்தில் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து புரோலாக்டின் என்ற ஒரு ரசம் இரத்தத்தில் கலந்து பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்ற இன்னொரு ரசம், உண்டான பாலைக் காம்புக்குத் தள்ளுகிறது. கர்ப்ப காலத்தில் வேறு சில ரசங்கள் மார்பைத் தயார் செய்வதும், நஞ்சுக்கொடி விழுந்தவுடன் அவற்றின் அளவு குறைந்து பால் பெருகுவதும் வாஸ்தவமே. ஆனால், காம்பைத் தொடர்ந்து சப்புவதாலும், பம்பினாலும் கையினாலும் பிழிவதாலும் அந்தச் சுரப்பி தூண்டப்படுகிறது. தூண்டுகிற குழந்தை யார் வயிற்றில் பிறந்தது என்று பிட்யூட்டரி கோத்திரம் விசாரிப்பதில்லை. கருத்தரிக்காத பெண்ணுக்கும் பால் வரக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 1998ஆம் வருஷத்திலேயே ஒரு வெளியீட்டில் விவரித்திருக்கிறது. கனடா தேசத்தில் ஜாக் நியூமன் என்ற குழந்தை வைத்தியரும், வாடகைத் தாய் மூலம் பிள்ளை அடைந்த லெனோர் கோல்ட்பார்ப் என்ற அம்மையாரும் சேர்ந்து இதற்கென்று ஒரு முறையையே வகுத்தார்கள். கருத்தடை மாத்திரையால் கர்ப்பம் போன்ற நிலையை உண்டாக்கி, பிறகு அதை நிறுத்திவிட்டுப் பம்பு போடுவது அந்த முறையின் சாரம். 2018ஆம் வருஷம் நியூயார்க்கில், கருப்பையே இல்லாத ஒரு திருநங்கை மருத்துவர் மேற்பார்வையில் ஆறு வாரம் தம் பாலை மாத்திரமே கொடுத்து ஒரு குழந்தையை வளர்த்த விவரம் வைத்திய பத்திரிகையில் வெளிவந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கிராமத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிய ஆச்சரியமாயிருக்க வேண்டியதில்லை. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தி, பசு அதை நக்க நக்கப் பால் கறக்கிறதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அது கன்று போட்ட பசுவின் மடியில் உள்ள பாலை இறக்குவதுதானே, புதிதாய் உண்டாக்குவது ஆகாதே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பால் இறங்குவதும் நிற்பதும் தொடு உணர்ச்சிக்கும் மனதுக்கும் கட்டுப்பட்டது, கிரகத்துக்கும் ஜென்மத்துக்கும் கட்டுப்பட்டதல்ல என்பதற்கு அந்த வைக்கோல் கன்று போதும்.

நிற்க, இதைத் தோஷம் என்று சொல்லிப்போன புரோகிதர் நம்புகிற சங்கதிகளையே கொஞ்சம் பார்ப்போம். அவருடைய சுப்பிரமணியசாமிக்குப் பால் கொடுத்தவர்கள் யார்? பெற்றவளா? சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் கொடுத்தார்கள் என்றுதானே கதை? அந்த ஆறு பேரில் எத்தனை பேர் பிள்ளை பெற்று எழுந்தவர்கள் என்று எந்தப் பக்தனாவது விசாரித்ததுண்டா? கிருஷ்ணனை வளர்த்த யசோதை அவனைப் பெற்றவள் அல்லவே? இவையெல்லாம் போகட்டும். திருவிளையாடற் புராணத்தில், தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக் குட்டிகளுக்குச் சொக்கநாதரே தாய்ப் பன்றியாய் வந்து முலை கொடுத்தார் என்று ஒரு படலமே எழுதி வைத்திருக்கிறார்களே! ஆண் கடவுள் பன்றி வேஷம் போட்டு அனாதைக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தால் அது அருள். மனுஷி ஒருத்தி தான் எடுத்த அனாதைக் குழந்தைக்குப் பால் கொடுத்தால் அது தோஷமா? நமக்கு இந்தக் கதைகளில் நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களாவது தாங்கள் நம்புவதைத் தாங்களே படித்துப் பார்க்கக்கூடாதா என்றுதான் கேட்கின்றோம். தமிழ் நூல்களில் நற்றாய்க்குப் பக்கத்திலேயே செவிலித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். தலைவியைப் பால் கொடுத்து வளர்த்தவள் அவள். அவளை யாரும் தோஷக்காரி என்று சொன்னதாக நாம் அறியோம்.

ஆனால் இவ்வளவும் உண்மையில் சில்லறைச் சண்டை. தோழருடைய தாயார் கேட்ட கேள்விதான் பெரிய கேள்வி. பெறாதவளுக்கு ஏது களைப்பு? அந்த அம்மாள்மீது நமக்குக் கோபமில்லை. பிள்ளை பெற்றால்தான் ஒரு பெண்ணுக்கு ஓய்வெடுக்க யோக்கியதை உண்டு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்மீதுதான் கோபம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பால் வரவழைக்க நாளொன்றுக்கு எட்டுத் தடவை பம்பு போடச் சொல்லுகிறார்கள். தடவை ஒன்றுக்கு 20 நிமிஷம். பம்பின் பாகங்களைக் கழற்றி, கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, மறுபடி பூட்டுவதற்குக் குறைந்தது 10 நிமிஷம். ஆக 30 நிமிஷம். எட்டு முப்பது 240 நிமிஷம், அதாவது 4 மணி நேரம். மாதத்துக்கு 120 மணி நேரம். இது பம்புக்கு மாத்திரம் ஆனது. குழந்தையை மார்பில் போட்டுப் பழக்குவது, பால்பொடியைக் கரைத்துப் புகட்டுவது, ஏப்பம் விடுவிப்பது, துணி மாற்றுவது எல்லாம் இதற்கு மேல். இராத்திரியில் புரோலாக்டின் அதிகமாய்ச் சுரக்கும் என்பதால் இரவிலும் எழுந்திரு என்கிறார்கள். அது உண்மையும்தான். ஆகவே இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஐந்து மணிக்கு ஒரு தடவை. பொழுது விடிந்தால் அடுப்பு, அப்புறம் தையல். இப்படி வேலை செய்கிற ஒரு மில் தொழிலாளி தூங்கி விழுந்தால் நாம் என்ன சொல்லுவோம்? முதலாளியைத் திட்டுவோம். வீட்டுப் பெண் தூங்கி விழுந்தால் அவளுடைய மனம் பலவீனம் என்கிறோம்!

பிள்ளை பெற்று எழுந்தவளுக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். லேகியம் கிளறுகிறார்கள். பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துக் கொடுக்கிறார்கள். சுறாப் புட்டு செய்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு கிழவி வருகிறாள். பத்தியம் என்ற பெயரால் காய்கறியையும் தண்ணீரையும் குறைத்துச் செய்கிற அக்கிரமங்களை நாம் ஆதரிக்கவில்லை. ஆனாலும் “நீ படு, நான் பார்த்துக்கொள்ளுகிறேன்” என்று சொல்ல அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். எடுத்து வந்தவளுக்கு? ஒரு கைப்பிடி பூண்டு உரித்துக் கொடுக்க ஆள் இல்லை. பூண்டும் வெந்தயமும் பாலைப் பெருக்கும் என்பதற்கு உறுதியான ருசு கிடையாது என்பது வேறு விஷயம். உரித்துக் கொடுக்கிற கைதான் விஷயம். தாய் வீட்டார் எட்டிப் பார்ப்பதில்லை. ஏனென்றால் பிரசவம் நடக்கவில்லையாம். நேற்றுவரை வளைகாப்புக்குக் கூப்பிடாமல் ஒதுக்கி வைத்த அதே ஊர், இன்றைக்குக் குழந்தையைப் பார்க்க வருகிறபோது யார் வயிற்றுப் பிள்ளையோ, என்ன ஜாதியோ என்று காது கேட்கும்படியே பேசிக்கொண்டு போகிறது. களைப்பில் பாதி இந்தப் பேச்சினால் வருவது என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. பயமும் துக்கமும் ஆக்சிடோசினைத் தடுக்கும், பால் இறங்குவது தடைப்படும் என்பது வைத்தியர்கள் கண்ட சங்கதி.

சர்க்காரும் இந்த மாமியார் புத்தியிலிருந்து தப்பவில்லை. 1956ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில் இந்துச் சட்டத்தில் பொதுவாகப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கவே இடமில்லை. தத்து என்பது பிண்டம் போட ஆண் பிள்ளை தேடும் காரியமாகவே சாஸ்திரக்காரர்களால் வைக்கப்பட்டிருந்தது. அப்பனைப் புத் என்ற நரகத்திலிருந்து கரையேற்றப் பெண்ணால் ஆகாதாம். அது ஒழிந்தது. பிறகு 2017ஆம் வருஷம் பிரசவ சகாயச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்றவளுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் லீவு. தத்தெடுத்தவளுக்கு 12 வாரம், அதுவும் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாயிருந்தால் மாத்திரம். 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதே வரியை மறுபடி எழுதினார்கள். ஆனால் 2015ஆம் வருஷத்து இளஞ்சிறார் நீதிச் சட்டமோ, குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறி யோசிக்க இரண்டு மாதம் அவகாசம் கொடுக்கிறது. கொடுக்க வேண்டியதும் நியாயமே. அதற்குப் பிறகு அக்குழந்தை தத்துக்கு உரியதென்று அறிவித்து, பொருத்தம் பார்த்து, காகிதங்கள் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் மூன்று மாதம் தாண்டாமல் இருக்குமா? ஒரு கையால் லீவை நீட்டி, மறு கையால் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு வயது கடந்துவிட்டது என்று லீவையும் எடுத்துக்கொள்ளுகிற வித்தைக்குச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். எடுத்தவளுக்கு ஏது களைப்பு என்று நம் தோழருடைய தாயார் வாயால் கேட்டதை இவர்கள் கெஜட்டில் கேட்டார்கள்.

இனி இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. இவர்கள் தாயாரைப் போல் குத்திப் பேசமாட்டார்கள். தாய்மை தெய்வீகம், தாய்ப்பால் அமிர்தம், ஒரு சொட்டானாலும் உயிரைக் கொடுத்தாவது கொடு என்று உபதேசம் செய்வார்கள். படித்தவர்களிலும் இவர்கள் அதிகம். இவர்களால் வருகிற கேடு குறைவானதல்ல. பால் ஒரு ஆகாரம். நல்ல ஆகாரம், குழந்தைக்குக் கிடைத்தவரையில் மிகவும் நல்லது. அதைக் கடவுளாக்கினால், கடவுளுக்குப் பலி கேட்கிற வழக்கம் உடனே பின்னால் வந்துவிடுகிறது. பலியாகிறவள் பெண்ணாயிருக்கிறாள். பெற்றவள் நான் அல்லவே, பாலாவது முழுதும் கொடுத்தால்தான் நானும் தாய் என்று ஊர் ஒத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தினால்தான் எத்தனையோ பெண்கள் தங்களை வதைத்துக்கொள்ளுகிறார்கள். கடிதத்தில் கண்ட அம்மையாரும் அப்படித்தானோ என்று நாம் சந்தேகிக்கிறோம். அவருக்கு நாம் சொல்லுவது: அம்மா, நீங்கள் ஊராரிடம் ருசுப்படுத்த வேண்டியது ஒன்றுமில்லை. பிள்ளை பெறாமலே பால் வரவழைப்பவர்களில் அநேகருக்கு முழு வயிற்றுக்குப் போதுமான பால் வருவதில்லை. ஒரு ஆழாக்கு என்பது சாமானியமான காரியமல்ல. மீதிக்குப் பால்பொடி கொடுப்பது தோல்வியுமல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனால் கேழ்வரகுக் கூழும், குழைத்த சோறும், மசித்த பருப்பும் ஆரம்பிக்கப் போகிறீர்கள். அதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியில் வியாதியா என்று கேட்டது சரியான கேள்வி. ஆனால் அதைப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்காமல் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டும். நாம் வைத்தியரல்ல. ஆயினும் எதைக் கேட்பது என்று சொல்லலாம். முதலாவது இரத்தம். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தச்சோகை. எல்லாரும் சாப்பிட்டபின் பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடுகிற ஜாதிக்கு வேறென்ன இருக்கும்? இரத்தம் குறைந்த உடம்பில் பம்பு போட்டால் களைப்பு வராமல் என்ன செய்யும்? இரண்டாவது தைராய்டு. மூன்றாவது, அவருக்கு என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பது. பால் பெருக டோம்பெரிடோன் என்ற மாத்திரையைப் பலர் சாப்பிடுகிறார்கள். அது இருதயத்தின் துடிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் 2014இல் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மாத்திரமென்று சுருக்கினார்கள். அமெரிக்க அதிகாரிகள் 2004இலேயே பாலுக்காக அதைச் சாப்பிட வேண்டாமென்று எச்சரித்தார்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கமின்மையும் மனக் கலக்கமும் வந்ததாகவும் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொன்று மயக்கமும் மனச்சோர்வும் உண்டாக்கக்கூடியது. கருத்தடை மாத்திரையும் எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கடைக்காரன் கொடுத்தான், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இவற்றில் எதையும் சாப்பிடவும் கூடாது, வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது. நான்காவது, காரணமில்லாமல் அழுகிறார் என்று தோழர் எழுதியிருப்பது. பிரசவித்தவளுக்கு மாத்திரமே மனச்சோர்வு வரும் என்று நினைக்க வேண்டாம். தத்தெடுத்த தாய்க்கும் வரும், தகப்பனுக்கும் வரும். அதற்கு வைத்தியம் உண்டு. பரிகாரத்துக்கென்று புரோகிதர் கேட்ட தொகையில் இரத்தம் சோதித்து, மருந்தும் வாங்கி, ஒரு மாதத்துக்கு முட்டையும் வாங்கலாம்.

வேலையைக் குறைக்க வழி இல்லாமலும் இல்லை. பால்பொடிப் பாலைக் கிண்ணத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் காம்போடு ஒட்டிக் குழந்தையை மார்பில் போடுகிற முறை ஒன்று இருக்கிறது. குழந்தை சப்பும்போது குழாய்ப் பாலும் வரும், மார்பும் தூண்டப்படும். குழந்தை பிடித்துச் சப்பப் பழகிவிட்டால் சில தடவை பம்பு போடுவது மிச்சம். குழாயைப் பொருத்த வைத்தியரோ நர்ஸோ காட்டிக் கொடுக்க வேண்டும். இராத்திரியில் ஒரு தடவை பம்பை விட்டுவிட்டு, நாலைந்து மணி நேரம் ஒரே தூக்கமாய்த் தூங்கினால் பால் கொஞ்சம் குறையலாம். குறைந்துவிட்டுப் போகட்டும். தூங்காமல் தையல் ஊசியில் விரலைக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். அந்த நேரத்தில் குழந்தை அழுதால் பால்பொடியைக் கரைத்துப் பாலாடையில் கொடுக்க மார்பு வேண்டியதில்லை. கை இருந்தால் போதும். கை ஆணுக்கும் உண்டு.

இங்கேதான் நமது தோழருடைய மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். நிறுத்தும்படி மனைவியிடம் சொல்லலாமா என்கிறார். சொல்லுவதற்கு அவர் யார் என்று கேட்கின்றோம். மார்பு அம்மையாருடையது. களைப்பு அம்மையாருடையது. இரத்தச் சோதனை முடிந்து, வயிறார உண்டு, இரவில் தூங்கிப் பார்த்து, அதற்கு மேலும் வேண்டாமென்று தோன்றினால் அவரே நிறுத்திக்கொள்ளட்டும். இன்னும் ஒரு வருஷம் கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் கொடுக்கட்டும். இரண்டும் அவர் இஷ்டம். தாயார் சொன்னதற்காக நிறுத்துவதும், நம் பத்திரிகை சொன்னதற்காகத் தொடருவதும் ஒரே மாதிரியான அடிமைத்தனந்தான்.

தோழர் எழுதிய நாலு பக்கத்தையும் நாம் இரண்டு தடவை படித்தோம். தாயார் சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டார் சொன்னது இருக்கிறது, புரோகிதரை வெளியே போகச் சொன்ன வீரமும் விஸ்தாரமாய் இருக்கிறது. இராத்திரி இரண்டு மணிக்கு அம்மையார் எழுந்திருக்கிறார், பம்பு போடுகிறார், பாத்திரம் கழுவுகிறார் என்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் தோழர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது மாத்திரம் நாலு பக்கத்தில் ஒரு வரியிலும் இல்லை.

கடிதத்தின் அடியில், தம்முடைய ஊரில் பெண் விடுதலையைப் பற்றி ஒரு பொதுக்கூட்டம் கூட்டப்போவதாகவும், அதற்கு நாம் அவசியம் வரவேண்டுமென்றும், தாமே வரவேற்புரை சொல்லப்போவதாகவும் குறித்திருக்கிறார். வருவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. இந்த மாதம் முழுவதும் இரவு இரண்டு மணிப் பாலாடையும், பம்பு கழுவுகிற வேலையும் யாருடையது என்று அம்மையார் தம் கைப்பட ஒரு கார்டு எழுதிப் போட்டால், அதைப் பார்த்துக்கொண்டு தேதி குறிப்பிடுகிறோம்.